தவிலுக்கு விசிறி விரியாதபோது: ஒலி–வண்ணச் சித்திரத்தின் கோளாறுகளை அறிகுறி பார்த்து நீக்கும் வழி

பி5.ஜேஎஸ் என்ற நிரல் நூலகம் கொண்டு ஒலிக்கு அசையும் வண்ணச் சித்திரம் செய்பவர்களுக்காக இதை எழுதுகிறேன். யாழ்ப்பாணத்து இணுவில் பக்கத்து மாணவர்கள் சிலர் செய்துவரும் ஒரு சித்திரத்தையே எடுத்துக்காட்டாக வைத்துக்கொள்வோம். திரையில் ஒரு பனையோலை விசிறி. தவிலின் கனத்த ஒலிப் பக்கமான தொப்பியில் கழி விழுந்தால் விசிறி விரியும். கூரிய ஒலிப் பக்கமான வலந்தலையில் கூடு (விரலுறை) போட்ட விரல்கள் விழுந்தால் ஓலை நுனிகள் மின்னும். நாதஸ்வரத்தின் சுரத்தைத் தொடர்ந்து நிறம் மாறும். திரையைத் தொட்டால் சித்திரமே ஒரு சுரத்தை ஒலிக்கும். நாதஸ்வரமும் தவிலும் தலைமுறை தலைமுறையாக வாழும் ஊரில் இதைவிடப் பொருத்தமான பயிற்சி வேறு இருப்பதாக எனக்குத் தெரியவில்லை.

2001இல் கேசி ரியாஸும் பென் ஃபிரையும் கலைஞர்களுக்கென்று தொடங்கிய புராசெசிங் மொழியின் எண்ணத்தை, 2013இல் லாரன் மெக்கார்த்தி உலாவிக்குக் கொண்டுவந்ததே பி5.ஜேஎஸ். இங்கே சொல்வதெல்லாம் அதன் 1ஆம் வரிசைப் பதிப்புகளுக்கும் அவற்றோடு வரும் ஒலி நூலகத்துக்கும் உரியது. கட்டளைகளின் பெயர்களை ஒலிக்கிறபடி தமிழில் எழுதியிருக்கிறேன். நிரலில் அவற்றை ஆங்கில எழுத்திலேயே இட வேண்டும்.

## எதையும் தொடுமுன்: எண்ணைத் திரையில் காட்டுங்கள்

நிறம் அசையவில்லை என்றதும் மாணவர்கள் நேராக நிறத்துக்கான வரிகளைக் குடையத் தொடங்குகிறார்கள். பெரும்பாலும் குற்றம் அங்கே இருப்பதில்லை. ஒலி எண்ணாகிறது; எண் நிறமாகிறது. இந்த இரண்டு வேலைகளில் எது முறிந்தது என்று தெரியாமல் செய்யும் திருத்தம் ஒவ்வொன்றும் அடுத்த குழப்பத்தை உண்டாக்கும்.

ஆகவே சித்திரத்தின் இடது மேல்மூலையில் மூன்று எண்களை எப்போதும் எழுதிக் காட்டுங்கள்: ஒலிமட்டம், கண்டறிந்த அதிர்வெண், கடைசியாக இட்ட நிறக்கோணம் (நிறச்சக்கரத்தில் 0 முதல் 360 வரையான இடம்). பக்கத்தில் ஒலிமட்டத்துக்கு ஒரு மெல்லிய பட்டையும் இருக்கட்டும். கைதட்டும்போது பட்டை அசையாவிட்டால் குற்றம் ஒலிப்பக்கம். பட்டை அசைந்து விசிறி அசையாவிட்டால் குற்றம் வண்ணப்பக்கம். சித்திரம் முடிந்து காட்சிக்கு வைக்கும் நாளிலும் இந்த வரிகளை அழித்துவிடாதீர்கள். ஒரு விசையை அழுத்தினால் தோன்றும்படி மறைத்து வையுங்கள். மண்டபத்தில் கூட்டம் நிற்கும்போது அவைதான் உங்களைக் காப்பாற்றும்.

## அறிகுறி: திரையில் ‘லோடிங்’ என்ற சொல்லோடு நின்றுவிடுகிறது

ஒலிக்கோப்பு வந்து சேரவில்லை என்பதே பொருள். கோப்புகளை முன்கூட்டியே ஏற்றும் ‘பிரீலோட்’டில் கேட்ட கோப்பு கிடைக்கும்வரை பி5, தொடக்க வரிகள் உள்ள ‘செட்டப்’புக்குள் நுழையாது.

முதற் காரணம், பக்கத்தைக் கோப்புறையிலிருந்து இரட்டைச் சொடுக்கில் திறந்திருப்பது. முகவரிப் பட்டையில் ‘ஃபைல்’ என்று தொடங்கினால் உலாவி பாதுகாப்புக்காக ஒலிக்கோப்பைப் படிக்க விடாது. விஎஸ் கோட் தொகுப்பியில் உள்ள லைவ் சர்வரையோ, பைதானோடு வரும் சிறு சேவையகத்தையோ ஓட்டி, லோக்கல்ஹோஸ்ட் முகவரியில் திறக்க வேண்டும்.

இரண்டாவது, கோப்பின் பெயர். விண்டோஸ் கணினியில் பெரிய எழுத்துக்கும் சிறிய எழுத்துக்கும் வேறுபாடு இல்லை. இணையத்தில் ஏற்றியதும் பெரும்பாலான சேவையகங்களில் உண்டு. வீட்டில் ஓடியது வெளியே ஓடாததற்கு இதுவே வழக்கமான காரணம்.

தமிழில் பெயரிட்ட கோப்புகளுக்கு இன்னொரு நுட்பமான சிக்கல் இருக்கிறது. ‘தொப்பி’ என்ற சொல்லின் ‘தொ’வை எடுத்துக்கொள்ளுங்கள். அதன் உயிர்க்குறியை யூனிகோடில் ஒரே குறியாகவும் எழுதலாம். கொம்பு, கால் என்று இரண்டு குறிகளாகவும் எழுதலாம். கண்ணுக்கு இரண்டும் ஒன்றே. கணினிக்கு இரண்டு வெவ்வேறு பெயர்கள். ஒரு கணினியில் பெயரிட்டு மற்றொன்றில் நிரல் எழுதும்போது கோப்பு எதிரிலேயே இருந்தும் ‘404’ (கோப்பு இல்லை) என்று வரும். ‘ஒ, ஓ, ஔ’ வரிசை எழுத்துகள் எல்லாவற்றுக்கும் இது பொருந்தும். தமிழில் பெயரிடும் ஆசை எனக்கும் உண்டு. ஆனால் கோப்புகளுக்கு மட்டும் சிறிய ஆங்கில எழுத்தும் எண்ணும் போதும். தமிழ்ப் பெயரைத் திரையில் எழுதிக்கொள்ளலாம்.

2025இல் வந்த 2.0 பதிப்பில் ‘பிரீலோட்’ நீக்கப்பட்டுவிட்டது. பழைய பாடத்தைப் பார்த்து எழுதிய நிரல் புதிய நூலகத்தோடு இணைந்திருந்தாலும் சித்திரம் எழாது. நூலக இணைப்பில் பதிப்பு எண்ணை முழுமையாக எழுதிவிடுங்கள். இணைய வசதி உறுதியில்லாத மண்டபத்தில் காட்டப்போகிறீர்கள் என்றால், இரண்டு நூலகக் கோப்புகளையும் இறக்கிச் சித்திரத்தின் கோப்புறையிலேயே வைத்துவிடுங்கள்.

## அறிகுறி: விசிறி அசைகிறது, ஒலி மட்டும் இல்லை

பார்ப்பவர் கையால் ஏதாவது செய்யும்வரை உலாவிகள் ஒலியை எழுப்ப விடுவதில்லை. குரோம் இந்தக் கட்டுப்பாட்டை உலாவியின் ஒலி வசதியான வெப் ஆடியோவுக்கு 2018இன் இறுதியில் கொண்டுவந்தது. ‘கெட்ஆடியோகான்டெக்ஸ்ட்’டின் நிலையைத் திரையில் எழுதிப் பாருங்கள், ‘சஸ்பெண்டட்’ என்றிருந்தால் காரணம் இதுதான். பெரிய பொத்தான் ஒன்றை வைத்து, அதை அழுத்தும்போது ‘யூசர்ஸ்டார்ட்ஆடியோ’வை அழைக்க வேண்டும்.

மடிக்கணினியில் வேலை செய்கிறது, கைத்தொலைபேசியில் செய்யவில்லை என்றால் அந்தக் கட்டளையை ‘டச்ஸ்டார்ட்டட்’டில் வைத்தீர்களா என்று பாருங்கள். விரல் திரையில் படும் கணத்தை உலாவி அனுமதியாக எடுத்துக்கொள்வதில்லை. விரல் எடுக்கப்படும் கணத்தையே எடுத்துக்கொள்கிறது. ‘டச்எண்டட்’டுக்கு மாற்றினால் சரியாகும்.

ஐபோனில் மட்டும் மௌனம் என்றால், நிரலைத் தொடுமுன் பக்கவாட்டிலுள்ள மணி நிறுத்தும் விசையைப் பாருங்கள். அது நிறுத்தத்தில் இருந்தால் வெப் ஆடியோவும் அடங்கிவிடும்.

## அறிகுறி: மடிக்கணினியில் மைக் கேட்கிறது, கைத்தொலைபேசியில் கேட்கவில்லை

வீட்டு வைஃபையில் மடிக்கணினியின் முகவரியை, 192.168 என்று தொடங்குவதை, கைத்தொலைபேசியில் தட்டித் திறந்திருப்பீர்கள். படம் வரும், மைக் அனுமதி கேட்கும் பெட்டி வரவே வராது. மைக்கும் கமராவும் பாதுகாப்பான இணைப்பில் மட்டுமே திறக்கும். லோக்கல்ஹோஸ்ட்டுக்கு விதிவிலக்கு உண்டு. வீட்டு வலையின் எண்முகவரிக்கு இல்லை. பி5 இணையத் தொகுப்பியிலோ, எச்டிடிபிஎஸ் தரும் வேறு இடத்திலோ ஏற்றிப் பாருங்கள்.

இணைப்பை ஃபேஸ்புக்கில் பகிர்ந்திருந்தால் அது அந்தச் செயலியின் உள்ளேயே திறக்கும். அங்கே மைக் அனுமதி கிடைக்காமல் போகலாம். குரோமிலோ சஃபாரியிலோ திறக்கச் சொல்லுங்கள்.

## அறிகுறி: பட்டை அசைகிறது, ஆனால் கத்தினால்தான் நிறம் மாறுகிறது

ஒலிமட்டத்தைக் கேட்கும் ‘கெட்லெவல்’ 0 முதல் 1 வரையான எண்ணைத் தரும் என்று படித்துவிட்டு, அதை அப்படியே 0 முதல் 360 வரை நீட்டியிருப்பீர்கள். ஆனால் அறையில் ஒருவர் சாதாரணமாகப் பேசும்போது கிடைப்பது பெரும்பாலும் 0.01, 0.05 போன்ற சிறு எண்கள்தான். 360இல் அது ஒரு மூலை.

பெருக்கிவிட்டால் போதும் என்று நினைத்து 10ஆல் பெருக்குகிறார்கள். மெல்லொலி சரியாகும், தவில் வந்ததும் எல்லாம் உச்சியில் முட்டி நிற்கும். நம் காது ஒலியின் அளவைக் கூட்டல் கணக்கில் கேட்பதில்லை, மடங்குக் கணக்கில் கேட்கிறது. நிரலும் அப்படியே கேட்க வேண்டும். மட்டத்தோடு 0.00001 சேர்த்து, அதன் ‘மேத்.லாக்10’ மதிப்பை 20ஆல் பெருக்குங்கள். கிடைப்பது டெசிபெல். –60 முதல் –10 வரையான இடைவெளியை உங்கள் நிறத்துக்கோ விரிவுக்கோ பொருத்துங்கள். அந்தச் சிறு எண்ணைச் சேர்ப்பதற்குக் காரணம் உண்டு: முழு மௌனத்தில் பூச்சியத்தின் மடக்கை எதிர்ம முடிவிலியாகிவிடும், பிறகு நிறம் உறைந்துபோகும். ‘மேப்’ கட்டளையின் கடைசியில் ‘ட்ரூ’ என்று சேர்க்கவும் மறக்காதீர்கள். சேர்க்காவிட்டால் எல்லை மீறிய எண்களும் அப்படியே வெளியே வரும்.

இதன் மறுபக்கம், யாரும் பேசாதபோதும் விசிறி நடுங்கிக்கொண்டிருப்பது. மின்விசிறி, வீதியில் போகும் ஆட்டோ, எங்கோ ஒரு கோயில் ஒலிபெருக்கி என்று யாழ்ப்பாணத்து வீட்டில் முழு மௌனம் கிடையாது. தொடக்கப் பொத்தானை அழுத்தியதும் இரண்டு விநாடி அறையைக் கேட்க வைத்து, அந்தச் சராசரியைத் தளமாக எடுத்துக்கொண்டு, அதற்கு மேல் 6 டெசிபெல் எழுந்தால் மட்டும் அசையச் செய்யுங்கள். நிலையான எண்ணை நிரலில் எழுதி வைத்தால் அது எழுதிய அறைக்கு மட்டுமே பொருந்தும். இலங்கை மின்சாரம் 50 ஹெர்ட்ஸ். மோசமான மின்னேற்றியோ கம்பியோ இருந்தால் 50இலும் 100இலும் ஒரு முனகல் எப்போதும் ஏறியிருக்கும். மின்னேற்றியைக் கழற்றிவிட்டு மட்டத்தைப் பாருங்கள். எண் இறங்கினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டார்.

## அறிகுறி: சுருதிப்பெட்டி போட்டால் சில விநாடியில் நிறம் மங்கிவிடுகிறது

இதைக் கண்டு பலர் தங்கள் நிரலையே ஐயுறுகிறார்கள். சுருதி ஒலித்துக்கொண்டே இருக்கிறது, காது கேட்கிறது, பட்டை மட்டும் மெல்ல மெல்ல இறங்கிப் பூச்சியத்துக்கு அருகில் போய்விடுகிறது. ஒருவர் பேசினால் உடனே எழுகிறது.

கைத்தொலைபேசியும் உலாவியும் மைக்கைப் பேச்சுக்கென்றே பண்படுத்தி வைத்திருக்கின்றன. பேச்சு விட்டுவிட்டு வரும். மாறாமல் ஒலிப்பது இரைச்சல் என்பது அவற்றின் தீர்மானம். அந்தத் தீர்மானப்படி சுருதிப்பெட்டியும், நாதஸ்வரத்தின் நீண்ட கார்வையும், மின்விசிறியும் ஒரே இனம். நம் இசையின் அடிநிலமே அகற்றவேண்டிய இரைச்சலாகக் கணக்கிடப்படுகிறது என்பது எனக்கு மிகுந்த மனவருத்தம் தரும் செய்தி. அதனால்தான் இந்தத் திருத்தத்தை ஒவ்வொரு மாணவரிடமும் வற்புறுத்துகிறேன்.

ஒலி நூலகத்தின் ‘ஆடியோஇன்’னை விட்டுவிட்டு, உலாவியின் ‘கெட்யூசர்மீடியா’வை நேரடியாக அழையுங்கள். அழைக்கும்போது ‘நாய்ஸ்சப்ரெஷன்’, ‘எக்கோகேன்சலேஷன்’, ‘ஆட்டோகெயின்கன்ட்ரோல்’ ஆகிய மூன்றுக்கும் ‘ஃபால்ஸ்’ கொடுங்கள். கிடைக்கும் ஓடையை ‘கிரியேட்மீடியாஸ்ட்ரீம்சோர்ஸ்’ வழியாக ஒலி மூலமாக்கி, ஒலியை அதிர்வெண்களாகப் பிரிக்கும் எஃப்எஃப்டியின் ‘செட்இன்புட்’டில் இணையுங்கள். மூன்றில் மூன்றாவதை விட்டுவிடாதீர்கள். அது மெல்லொலியை ஏற்றி வல்லொலியை இறக்கும்; அது இருக்கும்வரை தவிலின் மென்மையும் வன்மையும் உங்கள் எண்களில் ஒன்றாகவே தெரியும். இவ்வளவு செய்தும் சில கைத்தொலைபேசிகள் தம் வழியிலேயே போகும். அப்போது மடிக்கணினியில் தனி மைக் செருகிச் சோதியுங்கள்.

## அறிகுறி: தவிலின் வேகமான அடிகளில் பாதியைச் சித்திரம் விழுங்கிவிடுகிறது

விளம்பத்தில் எல்லாம் சரி. கோர்வை வேகம் எடுத்ததும் விசிறி திணறி, ஏதோ ஓர் அடிக்கு விரிந்து மற்றவற்றைத் தவறவிடுகிறது. இங்கே இரண்டு முன்னிருப்பு எண்கள் வேலை செய்கின்றன.

ஒன்று, அடியைக் கண்டறியும் ‘பீக்டிடெக்ட்’டின் நான்காவது எண். அதைக் கொடுக்காவிட்டால் ஓர் அடியைக் கண்டபின் 20 சட்டங்கள் (திரை ஒருமுறை வரையப்படுவது ஒரு சட்டம்) காத்திருக்கும். விநாடிக்கு 60 சட்டங்கள் என்றால் அது மூன்றில் ஒரு விநாடி. மேற்கத்திய நடனத் தாளம் ஒன்றுக்கு அது போதும். தவில் மேதை தட்சிணாமூர்த்தி பிறந்த மண்ணின் தவிலுக்கு அது கண்ணை மூடிக்கொண்டு இருப்பதற்குச் சமம். 4 அல்லது 5 கொடுத்துப் பாருங்கள். அதற்கும் கீழே போனால் ஒரே அடியை இரண்டாக எண்ணத் தொடங்கும்.

மற்றது, எஃப்எஃப்டியின் மழுக்கல் எண். கொடுக்காவிட்டால் 0.8. பழைய சட்டங்களின் ஒலியை அது புதியதோடு கலந்து வழவழப்பாக்குகிறது. நாதஸ்வரத்துக்கு அழகு, அடிகளுக்கு ஆகாது. அடிகளுக்கென்று 0.2 மழுக்கலோடு தனி எஃப்எஃப்டி ஒன்றை வைத்துக்கொள்ளுங்கள். இரண்டு எஃப்எஃப்டிகள் இருந்தால் கணினி சோர்ந்துவிடாது. ஒவ்வொரு சட்டத்திலும் ‘அனலைஸ்’ அழைத்த பிறகே ‘அப்டேட்’ அழைக்க வேண்டும். ‘அனலைஸ்’ இல்லாவிட்டால் எந்தப் பிழைச் செய்தியும் வராது. எண்கள் மட்டும் செத்துக் கிடக்கும்.

தொப்பியையும் வலந்தலையையும் பிரிக்க இரண்டு ‘பீக்டிடெக்ட்’கள் வேண்டும். கனத்த தொப்பிக்கு 60 முதல் 250 ஹெர்ட்ஸ், கூரிய வலந்தலைக்கு 1500 முதல் 5000 என்று தொடங்கி, உங்கள் முன்னால் இருக்கும் தவிலுக்கு ஏற்ப நகர்த்துங்கள். வாரின் இறுக்கமும் வாசிப்பவரின் கையும் மாற மாற எல்லைகளும் மாறும். வித்துவானிடம் தொப்பியை மட்டும் தனியாகவும், பிறகு வலந்தலையை மட்டும் தனியாகவும் சிறிது நேரம் வாசித்துத் தரக் கேட்டுப் பதிந்துகொள்வது எந்தக் கணக்கையும் விடப் பயன் தரும். அனுமதி கேட்டுப் பதிவதும், எதற்காக என்று விளக்குவதும் நம் கடமை.

பதிந்த கோப்பில் எல்லா அடிகளும் ஒரே மட்டத்தில் இருந்தால், தவிலுக்கு மிக அருகில் கைத்தொலைபேசியைப் பிடித்திருக்கிறீர்கள். அலையை வரைந்து பாருங்கள். உச்சிகள் வெட்டப்பட்டுத் தட்டையாக இருக்கும். இதை நிரலால் மீட்க முடியாது. சில மீட்டர் தள்ளிப் பக்கவாட்டில் நின்று மறுபடி பதிய வேண்டும்.

## அறிகுறி: சுரம் ஒன்று, நிறம் வேறு

எஃப்எஃப்டி ஒலியைப் பிரித்துப் போடும் அதிர்வெண் பெட்டிகளில் எது உயரமாக இருக்கிறதோ அதுதான் சுரம் என்று எழுதியிருப்பீர்கள். கணக்குப் பாருங்கள். மாதிரி வேகம் (விநாடிக்கு எடுக்கும் ஒலி மாதிரிகள்) 48000, பெட்டிகள் 1024 என்றால் ஒரு பெட்டியின் அகலம் 23.4 ஹெர்ட்ஸ். ஸ 130.8 ஹெர்ட்ஸில் இருந்தால் சுத்த ரிஷபம் சுமார் 138.6இல். இடைவெளி 8 ஹெர்ட்ஸுக்கும் குறைவு. மூன்று சுரத்தானங்கள் ஒரே பெட்டிக்குள் நெருக்கியடித்து உட்கார்ந்திருக்கும்போது நிரல் எப்படிப் பிரித்தறியும்? நாதஸ்வரத்தில் இன்னொன்றும் சேரும். அடிப்படை அதிர்வை விட அதன் மடங்குகள் உரத்து ஒலிக்கக்கூடும். உயர்ந்த பெட்டி சுரமாக இருக்கவேண்டும் என்ற கட்டாயமே இல்லை.

அலையைத் தன்னோடு தானே ஒப்பிடும் முறையை எழுதுங்கள். ‘வேவ்ஃபார்ம்’ 1024 மாதிரிகளைத் தரும். அதே வரிசையை ஓரிடம் தள்ளி வைத்து, இரண்டையும் பெருக்கிக் கூட்டி, ஒன்றன்மேல் ஒன்று படிந்த மாதிரிகளின் எண்ணிக்கையால் வகுங்கள். 40 முதல் 500 வரை ஒவ்வொரு தள்ளலுக்கும் செய்யுங்கள். எந்தத் தள்ளலில் கூட்டுத்தொகை மறுபடி உச்சத்துக்கு எழுகிறதோ அதுவே அலையின் நீளம். மாதிரி வேகம் 44100ஆக இருந்து தள்ளல் 100 என்றால் அதிர்வெண் 441. உச்சம், தள்ளாத நிலையின் கூட்டுத்தொகையில் 0.8 பங்கைக்கூட எட்டாவிட்டால் அது சுரமல்ல, தவில் அடியோ இரைச்சலோ. அப்போது முந்தைய நிறத்தையே வைத்திருங்கள்.

இனி அதிர்வெண்ணை நிறமாக்குவது. இந்தப் பகுதிதான் எனக்கு எல்லாவற்றிலும் இனியது. அதிர்வெண்ணை ஸவின் அதிர்வெண்ணால் வகுத்து, 2 அடிமானத்தில் மடக்கை எடுத்து, அதன் பின்னப் பகுதியை மட்டும் 360ஆல் பெருக்குங்கள். ஸ 0 பாகையில் சிவப்பாகும். அந்தர காந்தாரம் 5/4. அது 116 பாகையில் பச்சையாக விழும். பஞ்சமம் 3/2, அது 211 பாகையில் நீலம். ஸ, க, ப மூன்றும் தாமாகவே செம்மை, பசுமை, நீலம் என்று அமர்ந்துகொள்கின்றன. மேல் ஸவும் கீழ் ஸவும் ஒரே சிவப்பு. ஒப்பிடும் முறை அடிக்கடி செய்யும் தவறு ஒரு ஸ்தாயி கீழே கேட்டுவிடுவது. பின்னப் பகுதியை மட்டும் எடுப்பதால் அந்தத் தவறு நிறத்தைத் தொடுவதே இல்லை.

ஸவை நிரலில் எழுதி வைக்காதீர்கள். ஒவ்வொருவர் சுருதியும் வேறு. சுருதி ஒலிக்கும்போது ஒரு விசையை அழுத்தினால் அந்த அதிர்வெண்ணை ஸவாக எடுத்துக்கொள்ளும்படி செய்யுங்கள்.

மந்தர ஸ்தாயிக்கு இறங்கியதும் எல்லாம் சிவப்பாகிவிட்டால், பின்னப் பகுதியைச் சதவீதக் குறியால் எடுத்திருக்கிறீர்கள். ஜாவாஸ்கிரிப்டில் எதிர்ம எண்ணின் மீதி எதிர்மமாகவே வரும். பி5 அதைப் பூச்சியமாக்கிவிடும். எண்ணிலிருந்து அதன் ‘ஃப்ளோர்’ மதிப்பைக் கழித்தால் எப்போதும் நேர்மம் கிடைக்கும்.

சிலர் ஒவ்வொரு சுரத்தையும் பன்னிரண்டு நிறங்களில் ஒன்றோடு பூட்டிவிட விரும்புகிறார்கள். விசைப்பலகைக்கு அது சரி. தோடியின் காந்தாரத்தை ஒரே நிறத்தில் நிறுத்தினால் அங்கே தோடி இல்லை. நிறம் கமகத்தோடு அசையட்டும்.

## அறிகுறி: நி–ஸ நகர்வில் நிறம் வானவில் முழுவதும் சுற்றி வருகிறது

நிறச்சக்கரத்தில் 350க்கும் 10க்கும் இடையே தூரம் 20 பாகைதான். எண்களாகப் பார்த்து மெல்ல நகர்த்தினால் 340 பாகை பின்னோக்கி ஓடும். புதிய கோணத்திலிருந்து பழையதைக் கழித்து, 540 கூட்டி, 360ஆல் வகுத்த மீதியிலிருந்து 180ஐக் கழியுங்கள். வருவது குறுக்குவழித் தூரம். அதில் ஒரு பங்கை ஒவ்வொரு சட்டத்திலும் பழைய கோணத்தோடு சேர்த்து, விடையை மறுபடி 0–360க்குள் மடக்குங்கள்.

நிறம் எந்த எண்ணுக்கும் முழு ஒளியாகவே நின்றால் ‘கலர்மோட்’ வரியைப் பாருங்கள். நிறம், நிறைவு, ஒளி என்று எண்ணும் எச்எஸ்பி முறையில் நிறைவும் ஒளியும் 100 வரை, ஒளிபுகும் அளவு 1 வரை. பழக்கத்தில் 255 என்று எழுதினால் எல்லாம் உச்சியில் முட்டும்.

எண்கள் சரியாக இருந்தும், ஒரே மட்டத்தில் மஞ்சள் பளிச்சென்றும் நீலம் இருண்டும் தெரிகிறதா? அது பிழையல்ல, எச்எஸ்பியின் ‘ஒளி’ நம் கண் உணரும் ஒளி அல்ல. ‘டிராயிங்கான்டெக்ஸ்ட்’டின் ‘ஃபில்ஸ்டைல்’லில் கண் உணரும் ஒளிர்வைக் கணக்கில் கொண்ட ஓகேஎல்சிஎச் முறை நிறத்தை நேரடியாக எழுதினால் சுரங்களுக்கிடையே ஒளிர்வு சமமாகும். அந்த முறையில் கோணங்கள் வேறு நிறங்களுக்குரியவை. மேலே சொன்ன செம்மை–பசுமை–நீல அமைப்பு நகர்ந்துவிடும்.

## அறிகுறி: திரை சிறிது சிறிதாக வெள்ளையாகிறது, அல்லது பழைய நிழல் போகவே இல்லை

வெள்ளையானால் ‘பிளெண்ட்மோட்’ ‘ஆட்’டில் நின்றுவிட்டது. கறுப்புப் பின்னணியும் கூட்டப்படுகிறது. கறுப்பைக் கூட்டினால் எதுவும் அழியாது. பின்னணி இடுமுன் ‘பிளெண்ட்’டுக்குத் திருப்பி, விசிறி வரையும்போது மட்டும் ‘ஆட்’டுக்குப் போங்கள்.

ஒளிபுகும் பின்னணியால் வால் விடும் அசைவை உருவாக்கும்போது சாம்பல் நிழல் தங்குவது வேறு காரணத்தால். நிறங்கள் முழு எண்களாகச் சேமிக்கப்படுவதால் மிகச் சிறிய குறைப்பு வட்டமாக்கலில் காணாமல் போகும். 0.03 போன்ற அளவை 0.1க்கு உயர்த்துங்கள்.

## அறிகுறி: சித்திரம் எழுப்பும் ஒலி கரகரக்கிறது, டக்கென்று வெடிக்கிறது, ஊளையிடுகிறது

கரகரப்பு: ‘பிளே’யை, ஒவ்வொரு சட்டத்திலும் ஓடும் ‘டிரா’வுக்குள் வைத்திருக்கிறீர்கள். விநாடிக்கு 60 தடவை அதே ஒலி ஒன்றன்மேல் ஒன்று ஏறுகிறது. ‘இஸ்பிளேயிங்’ பார்த்து ஒலிக்கவிடுங்கள். புதிய ‘ஆசிலேட்டர்’களை ‘டிரா’வுக்குள் உருவாக்கினாலும் இதே கதி, சிறிது நேரத்தில் உலாவித் தாளே செயலிழக்கும்.

வெடிப்பு: அலையை நடுவில் வெட்டி நிறுத்துகிறீர்கள். ‘ஆம்ப்’பைப் பூச்சியத்துக்கு 0.05 விநாடியில் இறக்கிவிட்டுப் பிறகு நிறுத்துங்கள்.

ஊளை: மைக் ஒலிபெருக்கிக்குப் போகிறது. பி5இன் ‘ஆடியோஇன்’ தானாக ஒலிபெருக்கியில் இணைவதில்லை. எங்கோ ‘கனெக்ட்’ என்று எழுதியிருப்பீர்கள். நீக்கிவிடுங்கள். ஊளை இல்லாமல் விசிறி மட்டும் விரிந்தபடியே நின்றால், சித்திரம் தன் ஒலியைத் தானே கேட்டு அசைந்துகொண்டிருக்கிறது. சுரம் ஒலிக்கும் நேரத்தில் மைக்கின் எண்ணைப் புறக்கணியுங்கள்.

## அறிகுறி: திரையில் ‘தகதிமி’ உடைந்து தெரிகிறது

‘தகதிமி’ போன்ற தவில் சொற்கட்டுகளையும் காட்டலாம் என்று தொடங்கியவர்களுக்கு வரும் தொல்லை. ‘லோட்ஃபான்ட்’ வழியாக ஏற்றிய எழுத்துருவில் கொம்பு எழுத்துக்குப் பின்னால் போய் நிற்கும், ‘தொம்’ கலைந்துபோகும். எழுத்துருவைச் சிஎஸ்எஸ் வழியாக ஏற்றி, ‘டெக்ஸ்ட்ஃபான்ட்’டில் பெயரை மட்டும் கொடுங்கள். உலாவி தன் முறைப்படி எழுத்தைச் சேர்க்கும்.

ஓர் அடிக்கு ஓர் எழுத்தாகக் காட்டும்போது ‘தி’யின் மேல்விலங்கு தனியே வந்தால், சொல்லை யூனிகோடு குறி குறியாக வெட்டுகிறீர்கள். ‘இன்டில்.செக்மென்டர்’ உயிர்மெய்யை முழு எழுத்தாகவே எடுத்துத் தரும்.

## அறிகுறி: கைத்தொலைபேசியில் நத்தைபோல் ஊர்கிறது, மண்டபத்தில் ஒலியும் நிறமும் சேரவில்லை

திரை அடர்த்தி 3 உள்ள கைத்தொலைபேசியில் பி5 ஒன்பது மடங்கு புள்ளிகளை வரைகிறது. ‘செட்டப்’பில் ‘கிரியேட்கேன்வாஸ்’ஸுக்கு முன்பே ‘பிக்சல்டென்சிட்டி’ 1 என்று எழுதுங்கள். விசிறி மடங்கும் வேகத்தைச் சட்டங்களின் எண்ணிக்கையால் கணக்கிட்டிருந்தால், ‘டெல்டாடைம்’ கொண்டு மில்லி விநாடிக் கணக்குக்கு மாற்றுங்கள். மெதுவான கருவியிலும் அதே காலத்தில் மடங்கும். விரல் வைத்தால் பக்கமே நகர்கிறது என்றால் ‘டச்மூவ்ட்’ இறுதியில் ‘ஃபால்ஸ்’ திருப்பி அனுப்புங்கள்.

மண்டபத்தில் நிறம் முந்தி ஒலி பிந்தினால் புளூடூத் ஒலிபெருக்கியைக் கம்பியால் இணையுங்கள். புளூடூத் பத்தில் ஒன்றிரண்டு விநாடியை எளிதில் தின்றுவிடும். தவிலில் அது ஓர் அடிக்கும் மேல். கம்பி இல்லையென்றால், பதிந்த ஒலிக்கு மட்டும் ஒரு வழி உண்டு: அடி கண்ட நேரத்தை வரிசையில் சேமித்து, அவ்வளவு மில்லி விநாடி கழித்து விசிறியை விரியுங்கள். எவ்வளவு என்பதை அம்புக்குறி விசைகளால் கூட்டிக் குறைத்து, காதும் கண்ணும் ஒத்துக்கொள்ளும் இடத்தில் நிறுத்துங்கள். நேரில் வாசிப்பவர் இருக்கும்போது இந்தத் தாமதத்தை அணைத்துவிட வேண்டும்.